கடைசி வேகனுக்குச் சேதி போக எவ்வளவு நேரம்?

கேள்வி: கூட்ஸ் ரயில் பிரேக் போடும்போது, முன்னாலிருந்து பின்னால்வரை 'டம் டம்' என்று சத்தம் ஓடுவது ஏன்?

பதில்: எல்லா வேகனுக்கும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிப்பதில்லை. ரயில் நெடுகச் செல்லும் பிரேக் குழாயில், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும். டிரைவர் அதைக் குறைத்ததும் ஒவ்வொரு வேகனின் வால்வும் திறந்து, தன் தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்கு அனுப்பும். அழுத்தம் குறைந்த சேதி நொடிக்குச் சுமார் 250 மீட்டர்தான் பயணிக்கும். ரயிலின் நீளம் 650 மீட்டர் என்றால், கடைசி வேகனுக்கு இரண்டரை நொடி தாமதம். அதற்குள் முன்வேகன்கள் வேகம் குறைய, பின்வேகன்கள் வந்து முட்டும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான்.

1886-ல் அமெரிக்காவின் பர்லிங்டனில் 50 வேகன் ரயில்களை ஓட்டிப் பார்த்தபோது பின்வேகன்கள் மிகக் கடுமையாக அதிர்ந்தன. அடுத்த ஆண்டே, காற்று பிரேக்கைக் கண்டுபிடித்த வெஸ்டிங்ஹவுஸ், சேதியை விரைவாகக் கடத்தும் புதிய வால்வைக் கொண்டுவந்தார்.

இன்று பொறியாளர்கள் இந்த அதிர்வைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு வேகனும் ஒரு நிறை. வேகன்களை இணைக்கும் கப்ளிங் ஒரு ஸ்பிரிங். பிரேக் விசைக்கு வேகனுக்கு வேகன் ஒரு தாமதம். இதில் உராய்வைக் கையாள்வதுதான் கடினம். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் குறைவாகவே பற்றும். வேகம் குறையக் குறையப் பிடி இறுகும். நிற்கும் தருவாயில் வரும் குலுக்கல் அதனால்தான். உராய்வை மாறாத எண்ணாக வைத்தால் கணக்கு நிஜத்தோடு ஒட்டாது. கப்ளிங் அறுந்தால் ரயில் இரண்டாகப் பிரியும் என்பதால், இந்தத் துல்லியம் உயிர்காக்கும் விஷயம்.