மின் மீட்டரும் உண்மை அளவும்
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

என் தந்தை கார் எலக்ட்ரீஷியன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் பட்டறைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன கார் அது. டேஷ்போர்டில் புதிய மின் மீட்டர்களைப் பொருத்தித் தரவேண்டும் என்றார் உரிமையாளர். அவ்வேலையில் நான் கற்றதை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் அழுத்தம்

பழங்கார்கள் பலவற்றில், இன்ஜின் எண்ணெயே ஒரு மெல்லிய குழாய் வழியாக மீட்டருக்குள் வரும். அங்குள்ள வளைந்த உலோகக் குழல், அழுத்தம் ஏறும்போது நிமிர முயன்று முள்ளைத் திருப்பும். 1849-இல் பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் குழாய் விரிசல் கண்டால் சுடும் எண்ணெய் ஓட்டுநரின் காலில் கொட்டும். மின் மீட்டரிலோ எண்ணெய் இன்ஜினோடு நின்றுவிடுகிறது. அங்குள்ள உணரியின் மின்தடை அழுத்தத்திற்கேற்ப மாற, அம்மாற்றத்தை ஒயர் வழியே அறிந்து முள் நகர்கிறது.

அம்மீட்டரா, வோல்ட்மீட்டரா?

அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைக்கவேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அறிவோம். 12 வோல்ட்டில் 55 வாட் விளக்குகள் இரண்டு எரிந்தாலே 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அத்தனையும் டேஷ்போர்டின் பின்னே செல்லும்போது, ஓர் இணைப்பு தளர்ந்தால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். பக்க இணைப்பிலுள்ள வோல்ட்மீட்டருக்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். ஆகவே அதையே பொருத்தினோம். இன்ஜின் ஓடும்போது முள் 14 வோல்ட்டை ஒட்டி நின்றால், பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று அறியலாம்.

இரண்டு பிழைகள்

பெட்ரோல் மீட்டரை இணைத்தோம். டாங்க் ஏறக்குறையக் காலி. முள்ளோ நிறைவைக் காட்டியது. மீட்டர்தான் பழுது என்று அப்பா கழற்றப்போனார். ஆங்கிலத்திலிருந்த குறிப்புத்தாளை நான் படித்தேன். காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம் என்றிருந்தது. டாங்க் யூனிட்டை அளந்தால் 230 ஓம்! முன்பு யாரோ அமெரிக்க அளவுமுறை யூனிட்டைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. மீட்டர் பழுதில்லை, இரண்டும் பேசிய மொழிதான் வேறு. பொருத்தமான யூனிட்டை வாங்கியதும் அளவு சரியாயிற்று. அப்பா என் தோளைத் தட்டினார்.

அந்தப் பெருமிதம் மாலைவரை நிலைக்கவில்லை. எண்ணெய் கசியக்கூடாதென்று உணரியின் மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றியவன் நான். சாவியைத் திருப்பியதும் அழுத்த முள் உச்சிக்குப் போய் நின்றது. நல்ல அழுத்தம் என்று மகிழ்ந்தேன்.

"இன்ஜினே ஓடலையேடா, பிரஷர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் அப்பா.

உணரிக்கு மரை வழியாகத்தான் எர்த். டேப் அதைத் துண்டித்துவிட்டது; தடை எல்லையற்றதாகி முள் உச்சிக்கு ஏறிவிட்டது. அப்படியே காரைக் கொடுத்திருந்தால், எண்ணெய் வற்றி இன்ஜின் இறுகும் வரை மீட்டர் 'நலம்' என்றே காட்டியிருக்கும். தலை குனிந்து டேப்பை உரித்தேன்.

குறிப்புத்தாளை அப்பாவால் படிக்க இயலவில்லை. முள்ளை என்னால் படிக்க இயலவில்லை. அன்று முதல் ஆய்வுக்கூடத்தில் எந்த அளவைக் குறிக்கும் முன்னும், இந்நிலையில் இவ்வளவு வரக்கூடியதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களும் அவ்வாறே கேட்டுப் பழகுவார்களாக!