சொந்தப் பணம், ஊரார் பணம்

நம் சங்கக் குடும்பங்களில் பங்குச் சந்தையில் கைதேர்ந்த இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். கும்பளங்கியிலேயே எனக்குத் தெரிந்து இருவர். அவர்களில் ஒருவர் அண்மையில், "மாமா, மூன்று வருஷமாக நல்ல லாபம். சங்கத்தார் ஆளுக்கு ஒரு லட்சம் தந்தால் பெருக்கித் தருகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். பையன் யோக்கியன், கணக்கும் பொய்யில்லை. ஆனாலும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. காரணத்தை வாசகர்களும் அறிவது நல்லது.

ரயில்வேயில் புதுப் பாதை போட்டதும் ஜல்லி வண்டியை நாங்களே ஓட்டிப் பார்ப்போம். கவிழ்ந்தால் எங்கள் பாடு. ஆனால் ஒரு பயணியை ஏற்ற வேண்டுமானால், ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து அனுமதி தரவேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்! பாதை போட்டவர்களே அதற்குச் சான்றும் தரக்கூடாது அல்லவா?

பண விஷயத்தில் அந்த ஆணையர் செபி. பிறருடைய முதலீட்டை நிர்வகிப்போருக்கு 1993-லேயே விதி செய்தது. 2020-ல் அதை மாற்றி எழுதியது. அதன்படி நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் இருக்கவேண்டும். பொறுப்பாளருக்குத் தகுதிப் படிப்பும், தேர்வும், சந்தைத் துறையில் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். ஒருவரிடம் 50 லட்சத்துக்குக் குறைந்து வாங்கக்கூடாது. ஆகவே இந்தச் சேவையின் பெயரைச் சொல்லி ஆளுக்கு ஒரு லட்சம் கேட்பவர், எவ்வளவு கெட்டிக்காரராயினும், விதிக்கு வெளியே நிற்கிறார். "மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று ஊராரிடம் வசூலித்தால், 2019-ம் ஆண்டின் வைப்புத் திட்டத் தடைச் சட்டப்படி சிறை வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒருவர் தம் ஒரு லட்சத்தை ஓராண்டில் இரண்டு லட்சமாக்குகிறார். அதைப் பார்த்து உறவினர் 18 லட்சம் தருகிறார்கள். மொத்தம் 20 லட்சம். மறு ஆண்டு 30 சதவீதம் நஷ்டம். மிஞ்சுவது 14 லட்சம். இரண்டாண்டுச் சாதனை என்ன? நூறு ரூபாய் இருநூறாகி, பின் நூற்று நாற்பதாயிற்று. 40 சதவீத லாபம்! ஆனால் எல்லோரும் போட்டது 19 லட்சம், கையில் 14 லட்சம். ஐந்து லட்சம் போயிற்று. இரண்டு கணக்கும் சரிதான். ஆகவே, "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்காமல், "எவ்வளவு தொகையில், எந்த ஆண்டு" என்றும் கேளுங்கள். தொகை பெருகினால் சிறு பங்குகளை விலை ஏறாமல் வாங்கவும், இறங்காமல் விற்கவும் முடியாது. சொந்தப் பணம் இறங்கினால் பொறுத்திருக்கலாம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த அத்தையின் பணம் பொறுக்குமா?

நம் கொச்சியிலேயே முறையாக இந்த வழியில் வந்தவர் சாலக்குடிக்காரரான பொரிஞ்சு வெளியத். 1990-களில் பம்பாயில் கோட்டக், பராக் பாரிக் நிறுவனங்களில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, 2002-ல் ஈக்விட்டி இன்டெலிஜென்ஸ் தொடங்கினார். சொந்தத் திறமைக்கு முன்னால் பிறர் நிறுவனத்தில் பழகிய காலம் இருந்ததைக் கவனியுங்கள். அப்படிப்பட்டவருடைய நிதியும் 2018-ல் சிறு நிறுவனப் பங்குகள் விழுந்தபோது பலமாக அடிபட்டது.

முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்தனர் என்று செபியே 2024-ல் சொல்லிற்று. மீதி ஏழு பேரில் திறமை யாருக்கு, அதிர்ஷ்டம் யாருக்கு என்று மூன்று வருஷத்தில் பிரித்தறிவது கடினம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தரகர் தரும் ஒப்பந்தச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம் மூன்றும் ஒத்துப்போகும்படி, நஷ்ட மாதங்களையும் மறைக்காமல், ஒரு பட்டயக் கணக்கரிடம் சரிபார்த்து வை. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் சேர். அல்லது செபியில் ஆய்வாளராகப் பதிந்து ஆலோசனை மட்டும் சொல், பணத்தைத் தொடாதே.

சங்கத்தாருக்கு: யாராவது நிர்வகிக்கிறேன் என்று வந்தால், ஐ.என்.பி. என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிஷ வேலை. கணினி பழகாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாம். என்னிடம் வந்தாலும் பார்த்துத் தருகிறேன்.