இலங்கையின் பொதுப் பஸ் சேவை: வரலாறும் பணிகளும்

அறிமுகம்

இரத்தினபுரி நகருக்கு இன்று புகையிரதம் இல்லை. களனிவெளிப் பாதை 1912 இல் இரத்தினபுரியை அடைந்தது. எனினும் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1970களில் மூடப்பட்டது. கேகாலை நகரத்தவர் புகையிரதம் ஏற ரம்புக்கனைக்கோ பொல்காவலைக்கோ செல்ல வேண்டும். எனவே சப்ரகமுவ மக்களின் பிரதான பொதுப் போக்குவரத்து பஸ் சேவையே ஆகும்.

1. தேசியமயமாக்கலுக்கு முன்னர்

கொழும்பில் 1899 முதல் 1960 வரை டிராம் வண்டிகள் ஓடின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனியார் பஸ் வண்டிகள் ஓடத் தொடங்கின. அக்காலத்தில் காணப்பட்ட குறைபாடுகள்:

- வருமானம் கூடிய பாதைகளில் கடும் போட்டி நிலவியமை
- வருமானம் குறைந்த கிராமப் பாதைகள் கைவிடப்பட்டமை
- நேர ஒழுங்கு பேணப்படாமை
- சாரதி, நடத்துனர்களின் தொழில் நிலைமை சீராக இல்லாமை

1942 இல் அனுமதிப்பத்திரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்பின் பாதைகள் கம்பனிகளின் கைக்கு வந்தன. ஆயினும் குறைகள் நீங்கவில்லை. இரத்தினம் (1948), சன்சோனி (1954), ஜயரத்ன பெரேரா (1956) ஆகியோரின் ஆய்வுகள் இவற்றை ஆராய்ந்தன.

2. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.)

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசாங்கம் 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பஸ் சேவையைத் தேசியமயமாக்கியது. போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க ஆவார். 1958 ஜனவரி 1 இல் சபை இயங்கத் தொடங்கியது. இலாபம் தரும் பாதையின் வருமானத்தைக் கொண்டு நட்டம் தரும் பாதையிலும் பஸ் ஓட்டலாம் என்பதே இதன் அடிப்படை.

3. பின்னர் ஏற்பட்ட மாற்றங்கள்

- 1978: மத்திய சபையும் 9 பிராந்திய சபைகளும் அமைக்கப்பட்டன.
- 1979: தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது.
- 1991: தேசிய போக்குவரத்து ஆணைக்குழுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இக்காலத்தில் சாலைகள் (டிப்போக்கள்) மக்கள்மயக் கம்பனிகளாக்கப்பட்டன.
- 2005: 27 ஆம் இலக்கச் சட்டத்தால் இ.போ.ச. மீண்டும் ஏற்படுத்தப்பட்டது.

*கவனிக்க:* "இ.போ.ச. 2005 இல் ஆரம்பமானது" என்று எழுதினால் பிழை. ஆரம்பம் 1958, மீளமைப்பு 2005.

4. இன்றைய பணிகள்

- நீண்டதூர சேவை: கொழும்பு - இரத்தினபுரி (122), இரத்தினபுரி வழியாகக் கொழும்பு - பதுளை (99), கேகாலை வழியாகக் கொழும்பு - கண்டி (1)
- மாணவர் பருவகாலச் சீட்டு
- "சிசு சரிய" பாடசாலை சேவை
- "கெமி சரிய" கிராமிய சேவை, "நிசி சரிய" இரவுச் சேவை

மாகாணங்களுக்கு இடையிலான தனியார் பஸ்களைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும், மாகாணத்திற்குள் ஓடும் தனியார் பஸ்களை மாகாண அதிகாரசபையும் ஒழுங்குபடுத்துகின்றன.

5. மாதிரி வினா

"பொதுப் பஸ் சேவையை இலாப நட்டத்தை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது." விளக்குக.

*விடை:* தோட்டப் பாதைகள் செங்குத்தானவை, குறுகியவை. காலையிலும் மாலையிலும் தவிர ஏனைய நேரங்களில் பயணிகள் குறைவு. ஆகவே அப்பாதைகளில் வருமானம் குறைவாகவும் பழுதுபார்க்கும் செலவு அதிகமாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு பஸ் நின்றால், மாணவர் மைல் கணக்கில் நடக்க நேரிடும். மாலை வகுப்புக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். நோயாளர் வைத்தியசாலைக்கு முச்சக்கரவண்டி பிடிக்க நாட்சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிவரும். இந்த இழப்புகள் சபையின் கணக்கேட்டில் பதியப்படுவதில்லை. மறுபுறம் ஊழியர் மிகை, பஸ் பற்றாக்குறை, திறைசேரிக்கு ஏற்படும் சுமை ஆகியவை உண்மையான குறைபாடுகள். எனவே சேவையைப் பேணிக்கொண்டே நிர்வாகத்தைச் சீர்செய்வது அவசியம்.

*குறிப்பு:* இரு பக்கத்தையும் எழுதி முடிவு கூறினால்தான் முழுப் புள்ளி கிடைக்கும். உங்கள் தோட்டத்து பஸ்ஸையே உதாரணமாக எழுதலாம்.

6. பயிற்சி

1. பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டதற்கான காரணங்கள் மூன்று தருக.
2. 1978, 1979, 2005 ஆம் ஆண்டுகளின் முக்கியத்துவம் யாது?
3. உங்கள் தோட்டத்திற்கு மாலை நேர பஸ் ஒன்று கோரி, சாலை முகாமையாளருக்குக் கடிதம் எழுதுக. எழுதியபின் அதைப் பெற்றோரிடமும் காட்டுக. உண்மையிலேயே அனுப்பக்கூடிய கடிதம் அது.