பணம் கட்டினால் கதை வருமா?

ஆன்லைனில் கதை எழுதும் வகுப்பில் சேர ஆசை. கற்பனை இருக்கிறது, பயிற்சி இல்லை. பணம் கட்டிச் சேரலாமா?
- வாசகி, தென்காசி

முதலில் பணம் கட்டாமலே தொடங்குங்கள். பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி, புனைகதை எழுதுவதற்கான தொடக்கநிலைப் பாடத்தைத் தன் 'ஓப்பன்லேர்ன்' தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில்தான், பயிற்சிகளை நீங்கள் தமிழில் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ருசி பிடித்து, கட்டண வகுப்புக்குப் போவதென்றால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: நீங்கள் எழுதியதை ஆசிரியர் படித்து, எங்கே தொய்கிறது என்று சொல்வாரா? சொல்வார் என்றால் தாராளமாகச் சேருங்கள். வெறும் வீடியோதான் என்றால், அந்தப் பணத்தில் அசோகமித்திரன் சிறுகதைகளை வாங்கி, ஒவ்வொன்றையும் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். கடைசியில் தரும் சான்றிதழுக்காக மட்டும் சேராதீர்கள். அதைப் பார்த்துக் கதை போடும் பத்திரிகை ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை!