விலக்கும் விருந்தும்: செருமானிய வட்டார உணவு மரபில் நோன்பின் தடங்கள்

முன்னுரை

ஒரு சமூகம் எதை உண்கிறது என்பதைப் போலவே, எதை விலக்குகிறது என்பதும் அதன் பண்பாட்டை அறிய உதவும் சான்றாகும். இடைக்காலச் செருமனியில் கத்தோலிக்கத் திருச்சபை நோன்பு நாள்களில் இறைச்சியை விலக்கியது. வெண்ணெய், பால், முட்டை ஆகியவையும் பல இடங்களில் விலக்கப்பட்டன. இவ்விலக்கோடு தொடர்புடைய இரு வட்டார உணவுகளை, அவற்றுக்குரிய சான்றுகளின் தன்மையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

சாக்சனியின் ஷ்டோலன்

கிழக்குச் செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள டிரெஸ்டன் நகரம் ஷ்டோலன் என்னும் கிறித்துமசு ரொட்டிக்குப் பெயர்பெற்றது. உலர்திராட்சையும் பாதாமும் செறிந்து, வெண்சர்க்கரைத் தூள் போர்த்திய இதன் தோற்றம், துணியில் பொதிந்த குழந்தை இயேசுவைக் குறிப்பதாகக் கருதுவர். தொடக்கத்தில் இது மாவு, நீர், எண்ணெய் ஆகியவற்றாலான எளிய திருவருகைக்கால நோன்பு உணவாகவே இருந்தது. சாக்சனி ஆட்சியாளர்களின் வேண்டுகோளை ஏற்று, 1491இல் போப் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் பயன்படுத்த இசைவளித்தார். ‘வெண்ணெய் மடல்’ எனப்பெறும் அவ்வாணை அதற்கீடாகப் பணம் செலுத்தவும் விதித்தது. ஃபிரைபெர்க் பேராலயக் கட்டுமானத்திற்கு அப்பணம் உதவியது. இத்தகைய இசைவு விற்பனையை மார்ட்டின் லூத்தர் 1520இல் கண்டித்தெழுதினார். இங்கு விலக்கு தளர்ந்தமைக்கு எழுத்தாவணம் சான்றாகிறது.

சுவாபியாவின் மவுல்டாஷன்

தென்மேற்கிலுள்ள சுவாபியாவில் இறைச்சி, பசலைக்கீரை, வெங்காயம், ஊறவைத்த ரொட்டி ஆகியவற்றைப் பிசைந்து, மெல்லிய மாவுத் தகட்டினுள் பொதிந்து வேகவைப்பர். இதனை இறைச்சிச் சாற்றிலிட்டோ வதக்கிய வெங்காயத்துடனோ உண்பர். மவுல்பிரான் மடத்துத் துறவியர், தவக்காலத்தில் கிடைத்த இறைச்சியைக் கடவுளின் கண்ணிற்படாதவாறு மாவினுள் மறைத்தனர் என்பது வாய்மொழிக் கதை. கடவுளை ஏமாற்றும் சிற்றுணவு என்னும் பொருளில் வழங்கும் வேடிக்கையான வட்டாரப் பெயரும் இதற்குண்டு. மடத்தின் பெயருக்கும் உணவின் பெயருக்குமுள்ள ஒலியொப்புமை இக்கதைக்கு வலுவூட்டியிருக்கலாம். மாவினுள் பூரணம் பொதியும் முறை பல நாடுகளில் காணப்படுவதால், கதையை உணவின் தோற்றத்திற்குரிய வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், கடுமையான விதியை மக்கள் நகையுணர்வோடு எதிர்கொண்ட மனநிலைக்கு அது நேரிய சான்றாகும்.

விதி மறைந்தபின்

சுவாபியாவைச் சேர்ந்த வுர்ட்டம்பெர்க் 1534இலும், டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி 1539இலும் சமயச் சீர்திருத்தத்தை ஏற்றன. அங்கெல்லாம் பழைய நோன்பு விதிகள் கட்டாயத்தன்மையை இழந்தன. ஆயினும் ஷ்டோலன் திருவருகைக்காலத்தை விட்டு நீங்கவில்லை. மவுல்டாஷன் இன்றும் பெரிய வியாழன், புனித வெள்ளி நாள்களின் உணவாகத் திகழ்கிறது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் சுவாபிய மவுல்டாஷனுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது.

முடிவுரை

விலக்கு மறைந்தாலும் அது குறித்த காலம் உணவின் வழியே நிலைக்கிறது என்பதை இவ்விரு உணவுகளும் உணர்த்துகின்றன. ஆவணம் ஆட்சியின் இசைவைக் கூறுகிறது. கதையோ மக்களின் மனத்தைக் கூறுகிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்காமல், இரண்டையும் அவற்றின் எல்லைக்குள் நின்று பயன்கொள்வதே உணவு வழக்காற்றாய்வுக்கு உகந்த நெறியாகும்.