நூதனசாலையும் இயற்கை வரலாறும்

கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோரிற் பலர் கண்டி அரசரின் சிம்மாசனத்தைக் கண்டு வியந்து மீள்வர். அங்குச் சேர்க்கப்பட்ட பறவையும் மீனும் பூச்சியும் சிறுவர்க்குரிய வேடிக்கைப் பொருள்கள் என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் இந்நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. முதற் பணிப்பாளராகிய ஹேலி என்பார், மீன் முதலியவற்றின் நிறங் கெடாது பேணுதற்குத் தேங்காயெண்ணெயுடன் காபோலிக் அமிலஞ் சேர்த்துப் பரிசோதித்தார். அவர்க்குப் பின் வந்த ஆதர் வில்லி 1903இல் ‘ஸ்போலியா சைலானிக்கா’ என்னும் ஆராய்ச்சி ஏட்டைத் தொடக்கினார். இயற்கை வரலாற்றுப் பகுதிக்கு 1986இல் தனிக் கட்டடம் வாய்த்தது.

இச்சேர்க்கைகளாற் பயன் யாது? நம் நாட்டுக் கொடியிற் சிங்கம் உண்டு; காட்டில் இல்லை. ஆயினும் இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள குருவிற்றையிற் கிடைத்த பற்களைக் கொண்டு, முற்காலத்தில் இங்குச் சிங்கம் வாழ்ந்ததென 1939இல் அறிவித்தார் அறிஞர் பி. இ. பி. தெரணியகல. மாணிக்கக்கற் குழிகளில் வெளிப்பட்ட எலும்புகளால் நீர்யானையும் காண்டாமிருகமும் இங்கு வாழ்ந்தமை புலனாயிற்று.

பிறிதோர் உதாரணமுங் காண்க. கண்டிக் குறுந்தேரை 1876இன் பின் காணப்படாமையால் அற்றொழிந்ததென எண்ணப்பட்டது. 2009இல் அது சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. லண்டன் நூதனசாலையில் பழைய மாதிரிகள் பேணப்பட்டிருந்தமையாலன்றோ, அஃது இன்னதெனத் துணிய முடிந்தது!

பல்லுந் தேரையும் தாமாகப் பேசா. எங்கே, எந்நாளில், யாராற் பெறப்பட்டது என்னும் குறிப்புச் சீட்டே அவற்றுக்கு வாயாகும். நாம் மாணவராயிருந்த காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையிற் சங்கும் சிப்பியும் பொறுக்கிப் பெட்டி நிறைத்தோம். ஒன்றுக்கேனும் நாளோ இடமோ குறித்தோமல்லேம். இன்று அவை அழகுப் பொருள்களேயன்றிச் சான்றுகளல்ல. அன்றிருந்த கரையும் இன்று அவ்வாறில்லை; ஆதலின் அப்பிழையைத் திருத்த வழியுமில்லை.

மாணவர்காள்! உயிரைக் கொன்று சேர்க்க வேண்டுவதில்லை. வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கிய ஒரு சிப்பியாயினும், கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்தில் வந்தமர்ந்த ஒரு பறவையாயினும், கண்டதை நாளும் இடமுமிட்டு எழுதிவையுங்கள். நூறாண்டு கழித்து ஒருவர் வினவுங்கால், விடை அவ்வேட்டில் இருத்தல் கூடும்.