பழுதுற்ற பந்தய எஞ்சின்: புதுக்குவதா, மாற்றுவதா?

பந்தயக் காரின் எஞ்சின் ஓட்டத்தின் நடுவே உடைந்து நின்றுவிடின், உரிமையாளர்முன் இரு வழிகள் தோன்றும். ஒன்று, எஞ்சினைப் பிரித்துப் பழுதானவற்றை நீக்கிப் புதுக்கிக் கட்டுதல்; மற்றையது, அதனை ஒதுக்கி வேறோர் எஞ்சினைப் பூட்டுதல். எது சிறந்தது என்பதே பலரும் எழுப்பும் வினா. அதற்குமுன் எழவேண்டிய வினா, எஞ்சின் ஏன் உடைந்தது என்பதாகும். நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து செய்க என்னும் வள்ளுவர் கருத்து உடலுக்கு மட்டும் உரியதன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கிராங்குத் தண்டுக்கும் அதனோடு பிஸ்டனைச் சேர்க்கும் இணைப்புத் தண்டுக்கும் இடையே பெயாரிங் உளது. உலோகத்தோடு உலோகம் உராயாவண்ணம் மெல்லிய எண்ணெய்ப் படலம் அதனைக் காக்கின்றது. கார் வளைவிலே விரைந்து திரும்புங்கால் எண்ணெய் தொட்டியின் ஒருபுறம் ஒதுங்குமாயின், பம்பி எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். படலம் அறும், பெயாரிங் கெடும், ஈற்றில் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சின் புளொக்கைத் துளைத்து வெளிவருதலும் உண்டு.

இத்தொட்டியைத் திருத்தாது புதிய எஞ்சினைப் பூட்டுவோன், அதே வளைவில் அதனையும் இழப்பான். அன்றியும், சிதைந்த உலோகத் துகள்கள் எண்ணெய் குளிராக்கியினுள் தங்கிவிடும். அதனை மாற்றாதுவிடின் அத்துகள்கள் புதிய பெயாரிங்குகளையும் அரிக்கும். எனவே, காரணம் அறியாதவிடத்துப் புதுக்குதலும் வீண், மாற்றுதலும் வீண்.

காரணம் தெளிந்தபின், எஞ்சியவற்றை அளந்து சோதித்தல் வேண்டும். கிராங்குத் தண்டில் மெல்லிய கீறல்கள் மட்டும் இருப்பின், 0.25 மில்லிமீற்றர் போன்ற சிறு அளவு அரைத்து, அதற்கேற்ற தடித்த பெயாரிங் இடலாம். அரைத்தலால் கடினமாக்கப்பட்ட மேற்படை நீங்கின், அதனை மீண்டும் கடினமாக்கல் வேண்டும். வெடிப்பு இருப்பின் தண்டை விலக்குக. கண்ணுக்குப் புலனாகா வெடிப்பை இரும்பிலும் உருக்கிலும் காந்தப் பொடியாலும், அலுமினியத்தில் ஊடுருவும் சாயத்தாலும் காண்பர். புளொக்கும் கிராங்குத் தண்டும் நலமாயின் புதுக்குதல் தகும். இரண்டும் கெட்டவிடத்து மாற்றுதலே பெரும்பாலும் சிக்கனம்.

காலமும் விதியும் இம்முடிவில் பங்கு கொள்கின்றன. 1967 இல் சண்ட்வூர்ட் ஓட்டத்தில் ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்த கொஸ்வர்த் டி.எவ்.வி. எஞ்சின், அன்று முதல் 1983 வரை 155 கிராண்ட் பிறி வெற்றிகளை ஈட்டிற்று. அவ்வகை எஞ்சின்கள் அடிக்கடி பிரித்துப் புதுக்கப்பட்டே ஓடின. பிற்காலத்தில் விதிகள் மாறின. 2016 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஃபோர்முலா ஒன் ஓட்டுநர் ஒருவருக்கு 5 எஞ்சின்களே அனுமதிக்கப்பட்டன. அவை முத்திரையிடப்பட்டவையாதலின், உள்ளே பிரித்துப் புதுக்க இயலாது. தொகை மிகின் தொடக்க வரிசையில் பின்தள்ளப்படுவர். அவ்வாண்டு மலேசியாவின் செப்பாங்கில் முன்னணியில் ஓடிய லூயிஸ் ஹமில்டனின் எஞ்சின், இணைப்புத் தண்டின் பெயாரிங் பழுதால் தீப்பற்றியது. வெற்றிக்கு 25 புள்ளிகள் கிடைக்கும். பருவ முடிவில் அவர் உலகப் பட்டத்தை இழந்ததோ 5 புள்ளிகளால்.

பட்டத்தினும் பெரிது உயிர். எஞ்சின் வெடித்துச் சிந்தும் எண்ணெய், அக்காரின் சில்லுகளையும் பின்னால் வருவோரின் சில்லுகளையும் வழுக்கச் செய்யும். ஆதலின், பணம் குறைவென்றோ அடுத்த ஓட்டம் அண்மித்தது என்றோ ஐயத்துக்குரிய பாகத்தை மீண்டும் பூட்டுதல் தகாது. பழைய எஞ்சின்மேல் கொண்ட பற்றாலும் முடிவு செய்யற்க; புதியதன்மேல் எழும் ஆசையாலும் முடிவு செய்யற்க. பிரித்துப் பார்த்து, அளந்து, காரணம் கண்டு முடிவு செய்க. தொழிற்கூடத்திற் புகும் நம் மாணவர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவேயாம்.